குழந்தை வளர்ப்பு எனும் சொல்லாடல்: நடாஷா பத்வாரை முன்வைத்து

குழந்தை வளர்ப்பு பற்றிய எழுத்து என்றாலே எனக்கு ஒவ்வாமைதான். பல் முளைக்கும்போது என்ன கொடுக்கலாம், பரீட்சைக்கு எப்படித் தயார்படுத்தலாம் என்று நடுத்தர வர்க்கத்துக்குப் புத்தி சொல்லும் சரக்கு. நமக்கெதற்கு என்று ஒதுக்கியே வந்திருக்கிறேன். அந்த ஒதுக்கலில் இருந்த ஆண் திமிரை எனக்குக் காட்டிக்கொடுத்தது நடாஷா பத்வாரின் எழுத்து.

செய்தித் தொலைக்காட்சியில் பெண் ஒளிப்பதிவாளர்கள் அரிதாக இருந்த 1990களில் என்.டி.டி.வி.யில் கேமராவைத் தோளில் தூக்கியவர் இவர். 13 ஆண்டுகளுக்குப் பின் அந்த வேலையை விட்டார். ஆவணப்படக்காரராக இருந்துகொண்டே, மூன்று மகள்களின் தாயாக, ‘மின்ட்’ நாளேட்டின் வார இணைப்பில் பத்தி எழுதினார். 2017இல் ‘மை டாட்டர்ஸ் மம்’, 2018இல் ‘இம்மார்ட்டல் ஃபார் எ மொமென்ட்’ ஆகிய நூல்கள் வந்தன.

‘கேமரா பிடித்தவள் கடைசியில் தொட்டிலாட்டப் போய்விட்டாள்’ என்று இதை வாசிப்பது சுலபம். கலவரம், தேர்தல், போராட்டம் எல்லாம் அரசியல்; அடுப்படியும் பிள்ளையின் அழுகையும் அரசியலுக்கு அப்பாற்பட்டவை என்ற எதிர்வின் மேல்தான் இந்த வாசிப்பு நிற்கிறது. இந்த எதிர்வைக் கட்டிக்காப்பதில் பத்திரிகை முதலாளிகளுக்கும் நம் தோழர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குடும்பமும் ஒரு கருத்தியல் அரசு எந்திரம் என்று 1970லேயே அல்துஸ்ஸர் சொல்லிவிட்டார். நாமும் கூட்டம் போட்டுப் பேசினோம். பேசிவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு நான் வீடு திரும்பினால் பிள்ளை தூங்கியிருக்கும், சோறு மூடி வைத்திருக்கும். அந்த எந்திரம் யார் உழைப்பில் ஓடுகிறது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

பத்வார் புத்தி சொல்வதில்லை. தாயின் கோபம், அலுப்பு, பயம், தன் பெற்றோரிடம் மிச்சமிருக்கும் கணக்கு இவற்றையெல்லாம் எழுதுகிறார். ஒளிப்பதிவாளரின் பழக்கம் இங்கே வேலை செய்வதாகவே எனக்குப் படுகிறது. காட்சிக்குள் புகுந்து திருத்தாமல், அது நடக்கும்வரை காத்திருக்கிறார். ‘தியாகத் தாய்’ என்ற பிம்பம் அவருடைய பிரதியில் பேச்சு மூச்சில்லாமல் சரிந்துபோகிறது.

இன்னொன்றும் உண்டு. அவருடையது மதம் கடந்த திருமணம், கணவர் முஸ்லிம். 2015இல் தாத்ரி அருகே அக்லாக் தன் வீட்டிலேயே தாக்கிக் கொல்லப்பட்டார். 2017 ஜூனில் ரம்ஜான் பண்டிகைக்குத் துணிமணி வாங்கித் திரும்பிய சிறுவன் ஜுனைத் ஓடும் ரயிலில் குத்திக் கொல்லப்பட்டான். 2020 நவம்பரில் மதமாற்றத் தடை என்ற பெயரில் உத்தரப் பிரதேச அரசு கொண்டுவந்த அவசரச் சட்டம் இப்படிப்பட்ட திருமணங்களையே குறிவைத்தது. இந்தச் சூழலில் அப்படியொரு வீட்டின் சாதாரணக் காலைப்பொழுதை எழுதுவது வெறும் ‘வீட்டு விஷயம்’ ஆகுமா? பிள்ளைக்கு எந்தப் பெயர் வைப்பது, எந்தப் பண்டிகையைக் கொண்டாடுவது என்பதில் அரசும் கும்பலும் தலையிடும்போது, குழந்தை வளர்ப்பே ஓர் எதிர்ப்புச் செயல்பாடாக மாறிவிடுகிறது.

2017 செப்டம்பர் 4 அன்று, 1983 படுகொலை நடந்த அஸ்ஸாமின் நெல்லியில் தொடங்கி, அக்டோபர் 2 அன்று போர்பந்தரில் முடிந்தது ‘கார்வான் எ மொஹபத்’ பயணம். வெறுப்பு வன்முறைக்குத் தம் மனிதர்களைப் பறிகொடுத்த குடும்பங்களைத் தேடிப்போனது அது. அது பற்றிய நூலை 2018இல் ஹர்ஷ் மந்தர், ஜான் தயாள் ஆகியோருடன் சேர்ந்து தொகுத்தவர் பத்வார். தன் மகள்களைப் பற்றி எழுதியவர் அடுத்தவர் மகனைப் பறிகொடுத்த வீட்டின் கதைக்கு வந்து சேர்ந்ததை நான் திசைமாற்றமாகப் பார்க்கவில்லை, தொடர்ச்சியாகவே பார்க்கிறேன்.

விமர்சனம் இல்லாமல் இல்லை. வேலையை விட முடிவதே ஒரு வசதி. வணிக நாளேட்டின் ஆங்கிலப் பத்திக்குள் நிகழும் இந்த உரையாடலுக்கு, தன் பிள்ளையைப் பூட்டிய வீட்டில் விட்டுவிட்டு அடுத்தவர் பிள்ளையைக் குளிப்பாட்டப் போகும் பெண் எப்போது வாசகியாவாள்? எப்போது எழுதுபவளாவாள்? கேட்டாக வேண்டிய கேள்விதான்.

ஆனால் அதை அவரிடம் கேட்பதற்கு முன் நம்மிடம் கேட்டுக்கொள்ள ஒன்று இருக்கிறது. விளிம்பு பற்றி இவ்வளவு எழுதிய நாம், நம் வீட்டு விளிம்பைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதியிருக்கிறோமா? நான் எழுதவில்லை.