மைனருக்கு எந்த ஒயில்?

கும்பிழாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவில் தவில் கேட்டு வளர்ந்தவனுக்குத் தாளம் பிசகினால் காது உடனே சொல்லிவிடும். மல்லாகத்தில் இருந்து அளவெட்டிக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தபோது, எங்கள் மொறிஸ் மைனரின் ரப்பெற் வழமையைவிடக் கூடுதலாக அடிப்பது பாதி வழியிலேயே விளங்கிவிட்டது. காரணத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பத்து நாளைக்கு முன்னர் ஒயில் மாற்றியது நான்தான். கனடாவில் இருந்து வந்த மச்சான், கொழும்பில் இறங்கியதும் விலையுயர்ந்த 5டபிள்யூ-30 முழுச் சிந்தெற்றிக் ஒயிலில் ஒரு கான் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். “என்ரை காருக்கு இதுதான். கிழவனுக்கும் நல்லதைக் குடு” என்றார். கொடுத்தேன்.

கராஜ் அண்ணை கானைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, உது புதுக் காருக்கு. இதுக்கு ஊத்தினா பின்பக்கத்தாலை ஒழுகும்.” அவர் சொல்லி முடிக்கும்போதே காரின் கீழே சீமெந்தில் உள்ளங்கையளவு கறுப்பு வட்டம்.

அன்று தொடங்கியதுதான் இந்தப் பரிசோதனை. ஒரே கார், ஒரே ஓட்டுநர், மூன்று ஒயில். மைனரின் டாஷ்போர்ட்டில் ஒயில் அமுக்கத்துக்கு மானி கிடையாது, ஒரு விளக்கு மட்டுமே. அது பற்றும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதனால் அண்ணை தன்னுடைய மானியைக் குழாயில் பூட்டித் தந்தார்.

எஞ்சின் 948 சிசி. 1956இல் மைனர் 1000 வந்தபோது அதனுடன் வந்த ஏ சீரிஸ் எஞ்சின் இது. இதே குடும்பத்து எஞ்சின் மினி காரில் 2000ஆம் ஆண்டுவரை ஓடியது. ஓடும்போது அமுக்கம் 60 இறாத்தல், ஐடிலில் 15 என்பது கையேட்டுக் கணக்கு. மச்சானின் ஒயிலுடன், நன்றாகச் சூடேறிய பின் ஐடிலில் முள் பத்தைத் தொடவே தயங்கியது. ஒழுக்குக்கும் காரணம் இருக்கிறது. இந்த எஞ்சினில் கிராங்க் தண்டின் பின்முனைக்கு றப்பர் சீல் வைக்கவில்லை. தண்டில் வெட்டிய சுருள் மரைதான் சுழலும்போது ஒயிலை உள்ளே தள்ளிவிடும். கொழகொழப்பான ஒயிலை நம்பிச் செய்த ஏற்பாடு அது. மெல்லிய ஒயில் வந்தால், தேய்ந்த எஞ்சினில் அந்த மரைக்குப் பிடியே கிடைக்காது.

இன்னொன்று. 5டபிள்யூவில் உள்ள டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. ரொறன்ரோவின் தை மாதத்துக்கு அது வேண்டும். இங்கே மார்கழிப் பனிக்கும் போர்வை ஒன்று போதும்.

இரண்டாவது எஸ்ஏஈ 40, ஒற்றைக் கிறேட். அப்பா காலத்துச் சாமான். சூட்டில் அமுக்கம் நன்றாக நின்றது, ஒழுக்கும் குறைந்தது. ஆனால் காலையில் ஸ்ராட் பண்ணினால் விளக்கு அணைய இரண்டு மூன்று செக்கன் கூடுதலாக எடுத்தது. எஞ்சின் கூடுதலாகத் தேய்வது அந்தச் செக்கன்களில்தான். எனக்கு அது பிடிக்கவில்லை.

மூன்றாவது 20டபிள்யூ-50 மினரல். காலையில் 20 போல ஓடி, சூட்டில் 50 போலத் தடித்து நிற்க இதில் சேர்க்கும் பொலிமர் உதவுகிறது. ஐடிலில் முள் 15ஐ ஒட்டி நின்றது, ரப்பெற் பழைய தாளத்துக்கு வந்தது. (ரப்பெற்றின் 0.012 அங்குல இடைவெளியையும் அண்ணை பார்த்துச் சரிசெய்தார், முழுப் புகழையும் ஒயிலுக்குக் கொடுக்க முடியாது.) காஸ்ற்றோல், கல்ரெக்ஸ், சேர்வோ என்று எந்தக் கம்பனியின் கான் என்பது எனக்கு இரண்டாம் பட்சம். மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்பதுதான் முதலாம் பட்சம்.

“புது ஒயிலில் சிங்க் இல்லை, பழைய எஞ்சினின் கேம் தின்றுபோகும்” என்று பயமுறுத்துவோர் உண்டு. பாதி உண்மை. புகைபோக்கியில் உள்ள கற்றலிற்றிக் கொன்வேற்றரைக் காப்பாற்ற, 2004இல் வந்த ஏபிஐ எஸ்எம் தரம் பொஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் மட்டுப்படுத்தியது. சிங்க்கும் பொஸ்பரஸும் ஒரே சேர்மத்தில் வருவதால் இரண்டும் சேர்ந்தே குறைந்தன. ஆனால் அந்த வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிறேட்டுகளுக்குத்தான், 20டபிள்யூ-50க்கு அது பொருந்தாது. அதோடு மைனரின் வால்வு ஸ்பிரிங் அவ்வளவு இறுக்கமானதும் அல்ல. ரேசுக்கு முறுக்கிய எஞ்சின்காரர் பயப்படட்டும்.

எங்கள் ஊர்க் கார்களுக்கு வேறொரு கவலை. 1990இல் போர்க்காலப் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அரிதானபின் இங்கே மைனரும் சோமசெற்றும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்துக் காபரேற்றருக்குள் பீச்சி ஸ்ராட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெய். இங்கிலாந்தில் ஃபேர்குசன் டிஈடி 20 உழவு இயந்திரமும் இதே மாதிரித்தான், பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் உழுதது. அதற்குக் கம்பனியே எஞ்சினை அமைத்துக் கொடுத்தது. எங்களுக்கு யார் கொடுத்தார்கள்? எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரைக் கழுவி சம்புக்குள் இறங்கும். டிப்ஸ்ரிக்கில் ஒயில் மட்டம் குறையாமல் ஏறும். அப்பா டிப்ஸ்ரிக்கை மூக்கடியில் பிடித்து மணந்து பார்த்த காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது.

அந்தக் காலத்து அழுக்கு உள்ளே தாராகப் படிந்திருக்கும். அப்படிப்பட்ட எஞ்சினுக்கு, கழுவும் சக்தி கூடிய 15டபிள்யூ-40 டீசல் ஒயிலைத் திடீரென்று ஊற்றக் கூடாது. படிவு கழன்று பம்பின் வடியை அடைத்துவிடும். முதலில் சம்பைக் கழற்றிக் கையால் வழித்தெடுக்க வேண்டும். எங்களுடையதில் ஒரு சிரட்டையளவு வந்தது, களி மாதிரி. சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீர் ரேடியேற்றருக்குள் உப்புக் கட்டி எஞ்சினைக் காய வைப்பதும் சேர்ந்தால் எந்த ஒயிலும் தாங்காது. அதற்கு நான் இப்போது மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றுகிறேன்.

பில்ரர் கோப்பையைப் பூட்டும்போது பழைய றப்பர் வளையம் தவாளிப்புக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும், ஊசியால் கிண்டி எடுக்கவேண்டும். மேலே புதியதையும் வைத்து இறுக்கினால் போகிற வழியெல்லாம் ஒயில். ஒருமுறை பட்டேன்.

மச்சானின் கானில் அடியில் கொஞ்சம் மிச்சம் கிடக்கிறது. சைக்கிள் செயினுக்கும் கேற்றுப் பிணைச்சலுக்கும் பூசுகிறேன். கேற் இப்போது சத்தமே போடுவதில்லை. அவர் அடுத்தமுறை வரும்போது கேற்றைப் பற்றி மட்டும் சொல்வதாக இருக்கிறேன்.