காருக்கு ஒரு எம்.பி.3 சிடி

எம்.பி.3 சிடி, பாட்டுக் கோப்புகள் எழுதப்பட்ட ஒரு டேட்டா சிடி. ஆடியோ சிடியில் நொடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் செலவாவதால் 80 நிமிடத்தில் வட்டு நிறைந்துவிடும். அதே 700 எம்.பி. இடத்தில், நொடிக்கு 128 கிலோபிட்டாகச் சுருக்கிய இசை பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அடங்கும். நாலரை நிமிடத் திரைப்பாட்டுகள் என்றால் நூற்றறுபது. சென்னையில் கிளம்பிக் கன்னியாகுமரி சேரும்வரை ஒரு பாட்டும் திரும்ப வராது.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் உருப்பெற்றது இந்தச் சுருக்கம். பலத்த ஒலிக்குப் பக்கத்தில் ஒலிக்கும் மெல்லிய ஒலி காதில் விழாது. அப்படி விழாதவற்றை அது கழித்துவிடுகிறது. 128இல் கழிவு சற்று மிகுதி. தம்புராவின் ரீங்காரம் மங்கும். கடத்திலும் கஞ்சிராவிலும் விழும் அடி கூர் இழந்து, அடிக்கு முன்பே ஒரு நிழலோசை தலைகாட்டும். எஞ்சின் இரைச்சலும் டயர் ஓசையும் சூழ்ந்த காருக்கு 192 பொருத்தமான அளவு. எட்டு மணி நேர இசை கிடைக்கும். 320க்குப் போனால் அது ஐந்து மணியாகக் குறையும்; கூடுதல் நயத்தைச் சாலையே விழுங்கிவிடும். ஏற்கெனவே 128இல் இருக்கும் கோப்பை 192ஆக மாற்றுவது வீண்வேலை, போனது திரும்பாது. மூல சிடியிலிருந்தே எடுக்க வேண்டும்.

கைத்திறன் தெரியும் இடம் வரிசை. பல கார் ஸ்டீரியோக்கள் கோப்பின் பெயரைப் பார்த்தே வரிசை போடுகின்றன. 1, 2, 10 என்று எண்ணிட்டால், எழுத்து வரிசைப்படி 1க்கு அடுத்து 10 பாடும். 01, 02 என்றும், நூறைத் தாண்டினால் 001 என்றும் எழுதுவதே முறை. பழைய கருவிகளின் திரையில் தமிழ் எழுத்து கட்டங்களாகத் தெரியும் என்பதால் பெயர்கள் ஆங்கில எழுத்தில், சுருக்கமாக இருப்பது நல்லது. ஒரு ஃபோல்டருக்கு ஒரு இசையமைப்பாளர், அல்லது ஒரு பொழுது: விடியலுக்கு நாதஸ்வரம், மதிய வெயிலுக்குத் துள்ளல், இருட்டியபின் மெல்லிசை. ஓட்டுநர் திரையைப் பார்க்காமலே பொத்தானை அழுத்தி அடுத்த பொழுதுக்குப் போய்விடலாம். ராகம் தானம் பல்லவியைத் துண்டாக்காமல் ஒரே கோப்பாக வைப்பது அவசியம். கோப்புக்குக் கோப்பு விழும் சிறு மௌனம் ஆலாபனையின் கழுத்தை நெரித்துவிடும்.

அடுத்தது ஒலியளவு. அறுபதுகளின் மோனோ பதிவுக்குப் பின்னே இக்காலப் பாட்டு வந்தால் காது அதிரும். எம்.பி.3 கெய்ன் போன்ற மென்பொருள், மறுபடி சுருக்காமலே கோப்புக்குள் இருக்கும் அளவெண்ணை 1.5 டெசிபெல் படிகளில் ஏற்றி இறக்கிச் சமன்செய்கிறது.

எழுதுவதற்கு சிடி-ஆர் வட்டே உகந்தது. திரும்பத் திரும்ப எழுதத்தக்க சிடி-ஆர்டபிள்யூ ஒளியை மிகக் குறைவாகவே பிரதிபலிப்பதால் சில ஸ்டீரியோக்கள் அதைப் படிக்கத் திணறும். எழுதி முடித்ததும் வட்டை 'ஃபைனலைஸ்' செய்துவிட வேண்டும். மேலே காகித லேபிள் ஒட்டவே கூடாது: காருக்குள் சூடேறிப் பசை இளகினால் வட்டு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சிடிக்கான மார்க்கர் பேனாவால் பெயர் எழுதினால் போதும். வட்டின் சாயப்பூச்சு வெயிலில் கெடும் என்பதால் டேஷ்போர்டில் வைக்காமல், உறையிலிட்டுக் கதவுப் பையில் வைப்பது வழக்கம்.