அணை உண்டு, வாய்க்கால் எங்கே?

1895-ஆம் ஆண்டில் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டது. மேற்குக் கடலிற் சென்று கலந்த வெள்ளம் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை நோக்கி வந்தது. பென்னிகுக் பெயரைச் சொல்லி இன்றும் பொங்கல் வைக்கின்றனர் அப்பகுதி உழவர். வைக்கட்டும், நன்றி மறவாதிருப்பது நற்பண்பே. ஆயினும், அணை எழுந்ததனாலேயே அங்கு நெல் விளைந்துவிடவில்லை. உத்தமுத்து வாய்க்கால், பாளையம் பரவு வாய்க்கால் எனக் கால்கள் பிரிய வேண்டியிருந்தது. மடை திறப்பவர் வேண்டியிருந்தது. எந்த வயலுக்கு எந்த நாளில் எவ்வளவு நீர் என்ற முறை வேண்டியிருந்தது. 14,707 ஏக்கர் இருபோக நிலம் வாழ்வது அணையால் மட்டுமன்று, அந்த முறையாலுந்தான்.

நீருக்கு இத்துணை முறை வகுத்த பள்ளத்தாக்கிலே, கல்விக்கு என்ன முறை வகுத்திருக்கிறோம்?

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையே, சாலையோரம் அமைந்த பேரூர் அனுமந்தன்பட்டி. திராட்சைப் பந்தலும் நெல் வயலும் சூழ்ந்த ஊர். அங்கிருந்து கல்லூரி செல்வது இன்று அரிய செயலன்று. 1956-இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி தோன்றிற்று. அதற்கு முன், பட்டம் பெற விரும்பிய இப்பகுதி இளைஞன் பெரும்பாலும் மதுரையை நாட வேண்டியிருந்தது. 1970-இல் போடியிலே ஏலத் தோட்டத்தார் சங்கக் கல்லூரி, 1971-இல் பெரியகுளத்திலே பெண்களுக்கான ஜெயராஜ் அன்னபாக்கியம் கல்லூரி எனப் பின்னர் வாயில்கள் பெருகின. ஏலக்காட்டு வேலைக்கு விடியுமுன் ஜீப் ஏறிச் செல்லும் தாயின் மகள், இன்று வணிகவியல் படிக்கிறாள். மகிழத்தக்க மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் வாயிலைத் திறந்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியில், உள்ளே நுழைந்தவர் எப்படி இருக்கிறார் என்று திரும்பிப் பார்க்க மறந்துவிட்டோமே, அதைத்தான் இங்கே கேட்கிறோம்.

உதவிக்குப் பஞ்சமா? இல்லை, குவிந்து கிடக்கிறது! அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் மாணவர்க்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. திறன் பயிற்சிக்கென நான் முதல்வன் 2022 மார்ச்சில் பிறந்தது. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் விரிவுரைகளை என்.பி.டி.இ.எல். இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 2017-இல் ஸ்வயம் என்ற மேடையும் எழுந்தது. நூலகச் சட்டமோ நமக்கு 1948 முதலே உண்டு. இந்தியாவிலேயே விடுதலைக்குப் பின் முதன்முதலாக அத்தகைய சட்டம் கண்ட மாநிலம் நமது.

இத்தனையும் இருந்தும், புள்ளியியல் தாளில் இருமுறை தவறிய மாணவன் மூன்றாம் முறை தேர்வுக் கட்டணம் கட்டுகிறான், யாரிடம் சென்று கேட்பது என்று தெரியாமல். அதே தாளில் சென்ற ஆண்டு நன்கு தேறியவள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அவனுக்கு வேண்டிய நூல், வேலை தேடித் திருப்பூர் சென்றுவிட்ட ஒருவன் வீட்டுப் பரணிலே தூசி படிந்து கிடக்கிறது. விரிவுரை அவன் கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. எதைத் தேடுவதென்று சொல்வார் இல்லை. நூல் உண்டு, நுவல்வோர் உண்டு, நாடுவோனும் உண்டு. மூவரையும் ஒருவரோடொருவர் சேர்ப்பார்தாம் இல்லை.

அந்த வெற்றிடத்திலே கடை விரித்தவர் யார்? வழிகாட்டி நூல் வணிகரும், தனிப்பயிற்சி நிலையத்தாரும். அவர்கள்மீது நமக்குப் பகையில்லை; தேவை இருக்கும் இடத்தில் கடை முளைக்கும். ஆனால் அவர்கள் விற்பது என்ன? 'முக்கிய வினாக்கள்' என்று பத்து. அவற்றுக்கு விடையென்று பத்து. படித்தவன் தேறுவான், அடுத்த பருவத்தில் அதே அடிப்படையின்மேல் வேறொரு பாடம் எழும்போது சாய்வான். மேலும் கடைக்காரர் கூட்டம் சேரும் பாடத்துக்கே வகுப்பு நடத்துவார். விலங்கியலில் மூவரே இடருறும் ஊரில் அந்த மூவருக்காக யார் கடை திறப்பார்?

இதனினும் ஆழமான இடர் ஒன்றுண்டு. அதுபற்றிப் பேசுவோர் குறைவு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் பயின்றவன், கல்லூரியின் முதல் நாளில் 'இன்டக்ரேஷன்' என்று கேட்கிறான். புதிய பூதம் ஏதோ புறப்பட்டது என்று அஞ்சுகிறான். அது பூதமன்று, பள்ளியில் அவன் போட்டுத் தேர்ந்த தொகையீடேதான்! 'மொமெண்டம்' என்பது அவன் அறிந்த உந்தம். 'இனர்ஷியா' என்பது நிலைமம். 'கேடலிஸ்ட்' என்பது வினையூக்கி. அறிந்ததையே அறியாததென எண்ணி அவன் ஒடுங்குகிறான். ஆசிரியர் அவனை மந்தம் என்று முடிவு கட்டுகிறார். நாளடைவில் அவனே அதை நம்பத் தொடங்குகிறான். 'நமக்குப் படிப்பு ஏறாது' என்ற பழைய பொய் இப்படித்தான் புதிய உடை உடுத்தி வருகிறது. பிறப்பைக் காட்டி அதைச் சொன்ன காலத்தில் எதிர்த்து எழுந்தோம். மொழிமாற்றத்தின் மறைவில் அது நுழையும்போது வாளாவிருக்கிறோம். அவனுக்கு வேண்டியது கூடுதல் அறிவா? அன்று. இரு சொற்களுக்கும் பொருள் ஒன்றே என்று, முதல் பதினைந்து நாட்களுக்குள், அருகமர்ந்து சொல்லும் ஒருவர்.

இதற்கு ஒரு முயற்சி நடக்காமலில்லை. 1960-இல் கோவை அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப் படிப்பு தேர்வோட்டமாகத் தொடங்கிற்று. கல்லூரிக்குத் தமிழ் நூல்கள் வேண்டுமென்று 1962-இல் தமிழ் வெளியீட்டுக் கழகம் அமைந்தது. அதன் பணியைப் பின்னர்த் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் தொடர்ந்தது. இயற்பியல், வேதியியல், வரலாறு, பொருளியல் என நூற்றுக்கணக்கான நூல்கள் வெளிவந்தன. அவற்றுட் பல இன்று மின்னுருவில் யாவர்க்கும் இலவசம். அந்நூல்களைப் புரட்டிப் பார்ப்பவர் இரண்டு உண்மைகளைக் காண்பர். ஒன்று, உயர் அறிவியலைத் தமிழில் சொல்ல முடியாது என்றது வெறும் சோம்பல். மற்றொன்று, நூல்கள் ஒருபுறமும் மாணவர் மறுபுறமும் நின்றுவிட்டனர். பல நூல்களின் நடை கடினம். கலைச்சொல் நூலுக்கு நூல் மாறும். பாடத்திட்டமோ பலமுறை மாறிவிட்டது. ஆயினும் அடிப்படைகள் மாறவில்லையே! பொருளியலின் தேவை விதியும் வேதியியலின் பிணைப்பும் அன்றும் இன்றும் அவையே. எந்த நூலின் எந்த இயல் இன்றைய எந்தத் தாளுக்குப் பயன்படும் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினால் போதும், உறங்கும் நூல்கள் எழுந்து நடக்கும். கோடி ரூபாய் கேட்கும் வேலையா இது?

இளையோர் இளையோர்க்குக் கற்பிப்பது இந்நாட்டுக்குப் புதிதன்று. 1789-இல் சென்னை எழும்பூரின் ஆண் அனாதையர் காப்பகத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைக் காப்பகத்தில் நடத்தி, 1797-இல் இலண்டனில் அதை நூலாக்கினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்ற பெயரில் ஒரு பள்ளி உண்டு. பெருமைப்பட்டுக்கொள்ள விரைவோர் சற்றுப் பொறுக்க. நம் திண்ணைப் பள்ளியிலே எல்லோரும் அமர்ந்துவிடவில்லை. சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பும் இருந்தது. பெல்லின் முறையோ ஏழைப் பிள்ளைக்குக் குறைந்த செலவில் குறைந்த கல்வி என்ற அளவில் பல இடங்களில் நின்றது. கொள்ளத்தக்கது ஒன்றே: அண்மையில் கற்றவன், எங்கே இடறும் என்பதை மறந்திருக்க மாட்டான்.

அதைத்தான் 1973-இல் அமெரிக்காவின் மிசௌரி–கேன்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் டீனா மார்ட்டின் என்னும் அம்மையார் செம்மை செய்தார். 'பின்தங்கிய மாணவர் யார்?' என்று அவர் தேடவில்லை. 'பலரும் தவறும் பாடம் எது?' என்று தேடினார். அப்பாடத்தில் முன்பே தேறிய மாணவரைக் கொண்டு, விரும்புவோர் அனைவரும் வந்தமரும் கூட்டுப் படிப்பை நடத்தினார். குறை மாணவன்மேல் அன்று, பாடத்தின்மேல் என்றானதும் வெட்கம் விலகிற்று. வல்லவனும் வந்தான், வலுவற்றவனும் வந்தான்.

நம் மண்ணிலோ அதற்கும் முன்பே, 1916-இல், மருத்துவர் சி. நடேசனார் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் கண்டார். படிக்கச் சென்னை வந்த பிராமணரல்லாத மாணவர்க்குத் தங்க இடம் கிடைப்பதே அரிதாயிருந்த காலம். கல்லூரியில் இடம் கிடைத்தும், உண்ணவும் உறங்கவும் இடமின்றிப் படிப்பு நின்றுவிடும் என்பதை அவர் கண்டுகொண்டார். இடரின் முடிச்சு எங்கே என்று முதலில் பார்த்தவர் அவர். இன்று அனுமந்தன்பட்டியில் முடிச்சு உறைவிடத்தில் இல்லை, ஒருங்கிணைப்பில் இருக்கிறது.

இன்னொரு முரணையும் சொல்லியாக வேண்டும். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கிற்று. நோய்த்தொற்றால் பள்ளி இழந்த சிறாருக்கு மாலைதோறும் பாடம் சொல்லத் தன்னார்வலர் இலட்சக்கணக்கில் முன்வந்தனர். தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிக்கப் பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும் என்பதால், கல்லூரி மாணவியரும் அதில் இருந்தனர். அத்திட்டம் பின்னாளில் சுருக்கப்பட்டது. அது வேறு செய்தி. தெருப் பிள்ளைகளுக்கு விளக்கேற்றிவிட்டு வீடு திரும்பிய மாணவிக்கு, அவளுடைய தாளைச் சொல்லிக் கொடுக்க யார் இருந்தார்? எட்டாம் வகுப்போடு நம் அக்கறைக்கும் விடுமுறை விட்டுவிட்டோமா?

அரசு செய்யட்டும் என்பீர். செய்யட்டும், செய்யச் சொல்லிக் கேட்போம். கல்லூரி செய்யட்டும் என்பீர். கல்லூரிக்கும் கடமை உண்டு. ஆனால் மாலை ஐந்து மணிக்குப் பேருந்து ஏறிவிட்ட மாணவனைக் கல்லூரி எவ்வாறு தொடரும்? ஊர்தோறும் படிப்பகம் கண்டவர்கள் நாம். நாளேடும் தேநீரும் அரசியல் பேச்சும் மட்டுமே அங்கு நடந்தால், கொட்டகைக்கு நாம் தரும் வாடகைதான் மிச்சம்.

வேண்டியது ஒரு குறிப்பேடு. அதிலே மூன்று பக்கம். எந்தத் தாளில் யார் தேறினார், எந்த மாலையில் ஒரு மணி நேரம் தர இயலும் என்பது ஒரு பக்கம். எந்த நூல், எந்தப் பழைய வினாத்தாள் யார் வீட்டில் உண்டு என்பது ஒரு பக்கம். எந்தத் தாளில் யாருக்கு இடர் என்பது மூன்றாவது; விரும்பாதவர் பெயர் அதில் வேண்டா, தாளின் பெயர் போதும். வாரம் ஒருமுறை மூன்றையும் ஒத்துப் பார்த்து ஆளோடு ஆளைச் சேர்க்கப் பொறுப்பான ஒருவர் வேண்டும். சுவடியைத் திறந்துவைத்தாலே வேலை நடந்துவிடும் என்று எண்ணிக் கைவிடப்பட்ட முயற்சிகள் பல. ஒத்துப் பார்ப்பதுதான் வேலை, எழுதி வைப்பது அன்று. கைப்பேசிக் குழு அதற்குத் துணையாகலாம், மாற்றாகாது. காலை வணக்கப் படங்களுக்கிடையே வினாத்தாள் மூழ்கிப்போவதை யார் அறியார்?

எங்கே கூடுவது என்பது சிறு கேள்வியன்று. ஒரு சாதியின் சமூகக் கூடத்தில் கூடினால் மறு தெருவினர் வாரார். வந்தாலும் வாயிலோரம் நிற்பர். நூலகம், பள்ளிக் கட்டடம், பேரூராட்சிக்கு உரிய இடம் இவற்றுள் ஒன்றே தகும். பெண்கள் வருவதற்கேற்ற நேரம் எது என்பதையும் பெண்களே சொல்லட்டும். இரவு எட்டு மணிக்கு வகுப்பு வைத்துவிட்டு, மாணவியர் ஆர்வம் காட்டவில்லை என்று அறிக்கை எழுதுவதில் பொருளில்லை. கற்பிப்பவர்க்குச் சிறு தொகையேனும் கொடுக்க இயலுமானால் கொடுக்க வேண்டும். ஏழை வீட்டுப் பட்டதாரியின் மாலைப்பொழுது இலவசமென்று யார் சொன்னது?

பருவத் தேர்வுக்குக் கட்டணம் கட்டும் நாள் வருமுன் இக்குறிப்பேட்டின் மூன்றாம் பக்கம் நிரம்பியாக வேண்டும். கட்டிய பின் தெரிவது பயனற்றது. எனவே பருவம் தொடங்கிய பதினைந்தாம் நாளில் முதல் கூட்டம். அன்றைய பாடம், மேலே சொன்ன தொகையீடும் இன்டக்ரேஷனும்.