மல்லிகை ஊரில் வியோன்யே

குடிச்சிடாதீங்க, முதலில் மோந்து பாருங்க! மைசூரு தேவராஜ மார்க்கெட்டின் பூக்கடை வரிசைக்குள் சாயங்காலம் நுழைந்தால் மல்லிகை ஆளை எப்படி வழிமறிக்கும், அப்படி மறிக்கிறது இந்த ஒயின். வியோன்யே. வெள்ளைத் திராட்சை ரகம், பிறந்த இடம் பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கு. 1960களில் கோந்த்ரியூ என்ற சிற்றூரைச் சுற்றிச் சொற்ப ஏக்கர்களில் ஒடுங்கி, இதோ அழிந்தேவிடும் என்றிருந்த கொடி, இன்று நம்ம நந்தி மலை அடிவாரத்தில் காய்க்கிறது என்றால் சும்மா இருக்க முடியுமா?

அங்கே அது வளர்வது குரோவர் குடும்பம் 1988இல் தொடங்கிய தோட்டத்தில். கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரம். இங்கே கொடி குளிர்காலத்தில் உறங்குவதில்லை, அதனால் மழை ஓய்கிற நேரம் பார்த்துக் கவாத்து செய்கிறார்கள். வறண்ட பகலும் குளிர்ந்த ராத்திரியுமாகப் பழுத்து, கோடை உச்சிக்குப் போவதற்குள் அறுவடை. அவசரப்பட்டுப் பறித்தால் வாசம் வராது, தாமதித்தால் புளிப்பு ஓடிவிடும். அந்தச் சில நாள் கணக்கில்தான் எல்லாமே இருக்கிறது!

நண்பர் வீட்டு மொட்டைமாடி, எதிரே சாமுண்டி மலை விளக்குகள். கற்பனை பண்ணிப் பாருங்க: வெளிர்பொன் நிறம், கோப்பை ஓரத்தில் பனித்துளி, மூக்கைக் கொண்டுபோனதும் பழுத்த பீச், ஆப்ரிகாட், அதற்குப் பின்னாலேயே ஒரு பூ, என்ன பூ என்ன பூ என்று நான் தவித்துக்கொண்டிருக்க, நண்பரின் மனைவி தலையில் மைசூரு மல்லிகையோடு தட்டை வைத்துவிட்டுப் போகிறார், அடடா அதேதான் என்று எழுந்தே நின்றுவிட்டேன், மாடி முழுக்க நடந்தேன், எல்லாரையும் கோப்பையை மோந்து பார்க்கச் சொல்லி விரட்டினேன், கூச்சமே இல்லை! இது பிரமையும் இல்லைங்க. மல்லிகைக்குள் மணக்கிற லினலூல் என்ற சேர்மம் இந்தத் திராட்சைக்குள்ளும் இருக்கிறது. பழத்தில் அதில் பெரும்பங்கு சர்க்கரையோடு பிணைந்து வாசமின்றிக் கிடக்கும், நொதிக்கும்போது அவிழும். அப்புறம் வாயில் வைத்தால் வெண்ணெய் மாதிரி ஒரு வழுவழுப்பு, தொண்டை தாண்டியும் மறையாத மணம்!

புளிப்பு கொஞ்சம் கம்மிதான், இருக்கட்டும். மீன் வறுவலோடு வைத்துப் பாருங்க. ஐஸ் மாதிரி உறைய வைக்காமல், 10 முதல் 12 டிகிரி. முக்கியமாக, வருஷக்கணக்கில் அலமாரியில் பூட்டாதீங்க. பெரும்பாலான வியோன்யேவுக்கு இளமையில்தான் இந்த வாசம். வாங்கினீங்களா, இந்த வாரமே திறங்க!