விரிதலும் அவிதலும்: பழந்தமிழ்ப் பாடல்களில் நாகப்படம் உவமையாகும் முறை

ஆய்வுச் சுருக்கம்

நல்ல பாம்பின் படம் பழந்தமிழ்ப் பாடல்களில் மிகுதியாகப் பயின்றுவரும் உவமைப் பொருள்களுள் ஒன்று. இவ்வுவமைகளைப் புலவர்தம் இயற்கை அறிவுக்குச் சான்றாகத் திரட்டும் போக்கு தமிழாய்வில் பரவலாக உள்ளது. தொல்காப்பிய உவமவியல் கூறும் வினை, பயன், மெய், உரு என்னும் உவம வகைகளைக் கொண்டு இவ்வுவமைகளை வகைப்படுத்தினால், வினையை அடிப்படையாகக் கொண்டவற்றில் பாம்பின் நடத்தை நுட்பமாகப் பதிவாவதையும், மெய்யையும் உருவையும் அடிப்படையாகக் கொண்டவற்றில் உயிரி மறைந்து வடிவம் மட்டும் எஞ்சுவதையும் காணலாம். இவ்வேறுபாட்டைக் கருதாத வாசிப்பு உவமையையும் இழக்கிறது, அறிவியலையும் இழக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: நல்ல பாம்பு, படம், உவமவியல், குறுந்தொகை, புறநானூறு, வினையுவமம்.

முன்னுரை

‘சங்க இலக்கியத்தில் உயிரியல்’ என்னும் பொருண்மையில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே முறையைப் பின்பற்றுகின்றன. பாம்பு இடம்பெறும் அடிகள் தொகுக்கப்படும். அவற்றுக்கு எதிரே இக்கால விலங்கியல் கூறும் செய்திகள் வைக்கப்படும். இரண்டும் பொருந்துமிடத்துப் புலவரின் அறிவு வியக்கப்படும். பொருந்தாத இடங்கள் ‘நம்பிக்கை’ என்ற தலைப்பின்கீழ் ஒதுக்கப்படும். பாம்பு மணியை உமிழும் என்பதும், இடியோசையால் பாம்பு மடியும் என்பதும் இவ்வாறு ஒதுக்கப்படுவனவாகும்.

இம்முறையின் குறை, ஒரு பாடலில் ஓர் இயல்பு ஏன் தெரிவு செய்யப்பட்டது என்ற வினாவை எழுப்பாமையே. ஒரே தொகை நூலில் நுட்பமான நோக்கும் வழிவழி வந்த நம்பிக்கையும் அருகருகே நிற்கின்றன. புலவர் ஒருவர் ஓரிடத்தில் அறிஞராகவும் மற்றொருவர் வேறிடத்தில் அறியாதவராகவும் இருந்தார் என்று கொள்வதைவிட, உவமையின் தேவை எதுவோ அதற்கேற்பவே பாம்பின் இயல்பு தெரிவு செய்யப்பட்டது என்று கொள்வது பொருத்தமுடையது. நாகப்படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இக்கருத்து இங்கு ஆராயப்படுகிறது.

படம் என்னும் நிகழ்வு

நல்ல பாம்பின் படம் நிலையான உறுப்பு அன்று. கழுத்துப் பகுதியில் உள்ள நீண்ட விலா எலும்புகள் பக்கவாட்டில் விரியும்போது அவற்றின் மேலுள்ள தோல் பரந்து படமாகிறது. அச்சம் நீங்கியதும் எலும்புகள் மீண்டும் மடங்குகின்றன. படம் இல்லாமற் போகிறது. ஊர்ந்து செல்லும் நல்ல பாம்பைப் பிற பாம்புகளிலிருந்து பிரித்தறிவது எளிதன்று. முட்டையிலிருந்து வெளிவந்த குட்டியும் படம் விரிக்க வல்லது. படம் விரித்தல் தற்காப்பு நடத்தையாகும். அணுகாதே என்னும் அறிவிப்பு அது. படமெடுத்த பாம்பு வாயைத் திறவாமலே முன்பாய்ந்து அச்சுறுத்திப் பின்வாங்குதலும் உண்டு. கடித்தல் இவ்வறிவிப்பு பயன்படாதபோது நேர்வது.

தமிழில் இதற்கு வழங்கும் சொற்கள் பல. படம், பை, பணம் என்பன படத்தைக் குறிக்கும். படத்தின் மேலுள்ள புள்ளிகள் பொறி எனவும் துத்தி எனவும் பெயர் பெறும். இவற்றுள் பை என்னும் சொல்லோடு விரிதல், அவிதல் ஆகிய வினைகள் இணைந்து வரும் இடங்கள் கவனத்திற்குரியவை. பெயர்ச்சொல் பொருளைக் காட்டும். வினைச்சொல்லோ அப்பொருள் தோன்றி மறையும் நிகழ்வு என்பதைக் காட்டும்.

அவியும் படம்

மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் பாடிய குறுந்தொகை 185ஆம் பாடல் இவ்வகையில் தலைசிறந்த சான்று. தலைவியின் நெற்றி பசந்தது, தோள் மெலிந்தது, வளை நெகிழ்ந்தது. இந்நிலைக்குத் தலைவனே காரணம் என்பதை அவனிடம் சொன்னால் என்ன என்று அவள் தோழியை வினவுகிறாள். தலைவனுடைய மலைநாட்டைக் கூறும் பகுதியில், கொண்டலால் அழிந்த செங்காந்தள் மலர் குவிந்து பாறைமேல் கவிந்து கிடக்கும் காட்சி அமைகிறது. அம்மலருக்கு உவமையாவது படம் அவிந்த பாம்பு.

காந்தளின் நிமிர்ந்த செவ்விதழ்களை விரிந்த படத்தோடு ஒப்பிடுதல் எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியது. இப்பாடல் அதைச் செய்யவில்லை. விரிந்த படத்தை விட்டு, விரிந்திருந்த படம் சுருங்கும் கணத்தை எடுத்துக்கொள்கிறது. அவிதல் என்னும் வினை தீ அடங்குதலையும் ஓசை அடங்குதலையும் குறிக்க வருவது. படம் என்பது மூண்டு அடங்கும் ஒன்று என்ற அறிவு அச்சொல்லுக்குள் இருக்கிறது. நெற்றி ஒளி இழந்து, தோள் சாய்ந்து, வளை நெகிழும் தலைவியின் உடலும் அவிந்துகொண்டிருக்கும் ஒன்றே. மலர், பாம்பு, தலைவி ஆகிய மூன்றும் நிமிர்ந்த நிலையிலிருந்து கவிந்த நிலைக்குச் செல்கின்றன. வடிவு மட்டும் ஒப்புமையாக நின்றிருந்தால் இம்மூன்றும் இணைந்திரா. வினையுவமமாக அமைந்தமையாலேயே கருப்பொருள் தலைவியின் நிலையை உணர்த்தும் உள்ளுறையாக ஆழம் பெறுகிறது.

எச்சரிக்கையாகும் பாட்டு

ஔவையார் பாடிய புறநானூறு 89ஆம் பாடலில் பகையரசன் ஒருவன் விறலியை நோக்கி, உம் நாட்டில் போரிடுவோரும் உளரோ என்று வினவுகிறான். அடிக்க ஓங்கிய கோலுக்கு அஞ்சாத பாம்பு போன்ற வீரர் உளர் என்பது விடையின் முதற்பகுதி. மன்றத்தில் தொங்கும் முழவின்மீது காற்று மோதி எழும் ஒலியைக் கேட்டே போர் வந்தது என மகிழும் தலைவனும் உளன் என்பது அதன் இரண்டாம் பகுதி.

இப்பாடலில் படத்தைக் குறிக்கும் சொல் இல்லை. எனினும் கோலுக்கு முன் ஓடாது நிற்கும் பாம்பு என்னும்போது தலையெடுத்து எதிர்நிற்கும் நாகமே மனக்கண்ணில் தோன்றும். இங்குக் கருதத்தக்கது நிகழ்வின் வரிசை. முதலில் ஓங்கப்படுவது கோல். பாம்பின் எழுச்சி அதற்கு மறுமொழி. அதியமானின் வீரர் தாமாகப் போர் தேடுவோர் என்று உவமை கூறவில்லை. தீண்டினால் திரும்புவோர் என்றே கூறுகிறது. அவ்வகையில் இவ்விடையே ஒரு படமெடுப்பு எனலாம். போர் இன்னும் தொடங்கவில்லை. தொடங்காதிருக்க வேண்டுமாயின் பகையரசன் இச்சொல்லை உணர வேண்டும். பாம்பின் சினத்தை மட்டும் கண்டு இதனை வீரமிகுதிக்குரிய உவமை என்று கடந்து செல்லும் வாசிப்பு, பாடலின் அரசியல் நுட்பத்தைத் தவறவிடுகிறது.

திருக்குறள் 763ஆம் குறளும் இதனோடு ஒப்பிடத்தக்கது. எலிகள் கடல்போல் திரண்டு ஒலித்தாலும் நாகம் மூச்சுவிட்ட அளவில் அவை அழியும் என்பது அதன் கருத்து. பாம்பின் மூச்சில் நஞ்சில்லை; நஞ்சு பற்களின் வழியே பாய்வது. ஆனால் குறள் கூறவந்தது நஞ்சின் இயல்பை அன்று. படைமாட்சி அதிகாரத்தில் எண்ணிக்கைக்கும் ஆற்றலுக்கும் உள்ள வேறுபாடே பேசுபொருள். கடிக்கும் முன்னரே, சீறிய அளவிலேயே, களம் முடிந்துவிடுகிறது என்பதற்கு நாகத்தின் எச்சரிக்கை ஒலி உவமையாகிறது.

படமின்றி வரும் நஞ்சு

படம் இடம்பெறாத பாடல்களும் இவ்வாய்விற்கு இன்றியமையாதவை. ஔவையாரின் குறுந்தொகை 43ஆம் பாடலில், தலைவன் பிரியமாட்டான் என்று தலைவி இகழ்ந்திருந்தாள். சொன்னால் அவள் உடன்படாள் என்று அவன் இகழ்ந்திருந்தான். இவ்விருவர் ஆண்மையும் மோதிய பூசலில், நல்ல பாம்பு கவ்வியதுபோல் அவள் நெஞ்சு கலங்குகிறது. இன்று நல்ல பாம்பு என வழங்கும் பெயரின் பழமையை இப்பாடலில் வரும் ‘நல்லரா’ என்னும் சொல் காட்டும். அஞ்சத்தக்கதை ‘நல்ல’ என்னும் அடைகொடுத்துச் சுட்டும் வழக்கம் அத்துணைத் தொன்மையுடையது. இங்குப் பாம்பு கடித்தாயிற்று, படத்திற்கு இடமில்லை. அறிவிப்பை இருவரும் பொருட்படுத்தவில்லை என்பதே பாடலின் துயரம். இகழ்தல் என்னும் வினை இருமுறை வருவதும், உடனே பாம்பு தீண்டுவதும் தற்செயல் அன்று என வாசிக்க இடமுண்டு.

சத்திநாதனாரின் குறுந்தொகை 119ஆம் பாடலில் சிறிய வெள்ளைப் பாம்பின் வரிகளையுடைய குட்டி, காட்டு யானையை வருத்துகிறது. இளையவளான தலைவி தன்னை வருத்தியமைக்குத் தலைவன் கூறும் உவமை இது. இங்குப் படம் கூறப்படாமை பாடலுக்குப் பொருந்துகிறது. தலைவனுக்கு எந்த முன்னறிவிப்பும் கிட்டவில்லை. சிறுமையே பெருமையை வீழ்த்தியது. படமெடுத்த நாகத்தை இங்கு வைத்திருந்தால் உவமை சிதைந்திருக்கும்.

வடிவாய் நிலைத்த படம்

மெய்யும் உருவும் அடிப்படையாகும்போது நிலைமை மாறுகிறது. ஆசிரியன் பெருங்கண்ணனார் பாடிய குறுந்தொகை 239ஆம் பாடலில் காந்தளின் தாதை ஊதும் தும்பி, பாம்பு உமிழ்ந்த மணிபோல் தோன்றுகிறது. 185ஆம் பாடலில் வந்த அதே காந்தள்தான் இங்கும் வருகிறது. அங்கு வினை தேவைப்பட்டது. பாம்பு நடத்தையோடு வந்தது. இங்கு மலர்மேல் ஒளிரும் கருவண்டின் தோற்றம் தேவைப்பட்டது. மணி பற்றிய நம்பிக்கை வந்தது. எந்தப் பாம்பும் மணி உமிழ்வதில்லை என்பதால் இப்பாடல் தாழ்ந்துவிடாது. அதுபோலவே 185ஆம் பாடல் சிறப்பது அது விலங்கியலோடு பொருந்துவதனால் மட்டும் அன்று.

இடியால் பாம்பு மடிதல் குறுந்தொகை 158, 190 ஆகிய பாடல்களில் கார்கால இரவின் அச்சத்தைக் காட்டப் பயன்படுகிறது. மாறோக்கத்து நப்பசலையாரின் புறநானூறு 37ஆம் பாடலில் ஐந்தலை நாகம் மலைவிடரில் புக, அங்கு இடி வீழும் காட்சி சோழர் குடியின் ஆற்றலுக்குத் துணையாகிறது. பாம்புகளுக்குப் புறச்செவி இல்லை. நில அதிர்வையும் தாழ்ந்த ஒலியையும் உணரும் ஆற்றலே உண்டு. எனவே இவை நேரே கண்டறிந்த செய்திகள் ஆகா; மரபில் வந்தவை.

அல்குலுக்குப் பாம்பின் படத்தை உவமையாக்கும் மரபே வடிவுவமத்தின் நெடுந்தொடர்ச்சி. தொகை நூல்களில் பல இடங்களில் வரும் இவ்வுவமை, ஆண்டாளின் திருப்பாவை 11ஆம் பாசுரத்தில் புற்றரவாகத் தொடர்கிறது. பரப்பும் வளைவும் மட்டுமே இங்குக் கொள்ளப்படுகின்றன. அச்சமும் எச்சரிக்கையும் கழிந்துவிட்டன. அரவணையில் துயிலும் திருமாலுக்கும், பார்சுவநாதருக்கும் படம் குடையாகிறது. கழுகுமலைச் சமணச் சிற்பங்களில் பார்சுவநாதர் தலைமேல் விரிந்த படமும், அரசமரத்தடி நாகக்கல்லின் படமும் ஒருபோதும் அவிவதில்லை. கல்லில் நிகழ்வு உருவமாக உறைந்துவிடுகிறது. இதனைச் சீரழிவு எனக் கூறுதல் பொருந்தாது. அச்சுறுத்துவது அடைக்கலமாக மாறுவது சமயக் கற்பனையின் பெரும் ஆக்கம். பாம்பாட்டிச் சித்தரின் பாடல்களில் படம் மீண்டும் அசைகிறது. ஆயினும் அங்குத் தற்காப்பு ஆட்டமாகப் பெயர் மாறிவிடுகிறது. மகுடியின் அசைவைப் பின்தொடரும் எச்சரிக்கையே ‘ஆடுதல்’ எனக் கொள்ளப்படுகிறது.

வாசிப்பின் பொறுப்பு

இவ்வேறுபாட்டை வலியுறுத்துவதற்கு இலக்கியத்திற்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு. 2020இல் வெளிவந்த ஆய்வொன்று, இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறந்தனர் என மதிப்பிட்டது. ஆண்டிற்குச் சராசரி 58,000 பேர். 2017இல் உலக நலவாழ்வு நிறுவனம் பாம்புக்கடி நஞ்சேற்றத்தைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் மிகுதியான இறப்புகளுக்குக் காரணமாகக் கருதப்படும் நான்கு பாம்புகளுள் நல்ல பாம்பு மட்டுமே படமெடுப்பது. கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றுக்குப் படமில்லை. ‘படமே நஞ்சின் அடையாளம்’ என்னும் எண்ணம் பரவிய சமூகத்தில், பழம்பாடல்களை அறிவியல் சான்றாக முன்வைக்கும் ஆய்வு தன் சொற்களில் கவனம் கொள்ளவேண்டும்.

பெரியபுராணத்தில் அப்பூதியடிகளின் மூத்த மகன் வாழைக்குருத்து அரியச் சென்றபோது பாம்பு தீண்டுகிறது. திருநாவுக்கரசரின் பதிகத்தால் அவன் உயிர்பெறுதலே சேக்கிழாரின் நோக்கு. ஆயினும் அந்நிகழ்வு நேரும் இடம் தோட்டம். நேரும் பொழுது அன்றாட வேலையின் நடுவே. உழைப்பிடங்களில் இன்றும் கடி நேர்வது இவ்வாறே. நாகமணியும் ஐந்தலையும் வரும் பாடல்களைவிடப் புராணத்தின் இச்சிறு காட்சி நடைமுறை வாழ்வுக்கு அணுக்கமாக நிற்கிறது. சங்கப் பாடல் என்றால் அறிவியல், புராணம் என்றால் நம்பிக்கை என்ற எளிய பகுப்பு இங்குச் செல்லாது.

முடிவுரை

நாகப்படம் வினையுவமமாகும் இடத்தில் விரிதல், அவிதல், எதிர்நிற்றல் ஆகிய நடத்தைகள் துல்லியமாகப் பதிவாகின்றன. அத்துல்லியம் பாடலின் மனநிலைக்காகவே தேவைப்பட்டது. மெய்யுவமமும் உருவுவமமும் ஆகும் இடத்தில் மணியும் குடையும் அணியும் தோன்றுகின்றன. அங்கு உயிரியின் நடத்தை தேவைப்படவில்லை. எச்சரிக்கை பொருளாகும் இடத்தில் நாகம் எதிர்நிற்கிறது. எச்சரிக்கை இகழப்பட்ட இடத்திலும், கிட்டாத இடத்திலும் பாம்பு படமின்றி வருகிறது. ஆகவே, ஒரு பாடலில் எந்தப் பாம்பு உள்ளது என்ற வினாவுக்கு முன், அப்பாடலுக்குப் பாம்பு என்ன செய்யவேண்டியிருந்தது என்ற வினா எழுப்பப்படவேண்டும். உவமவியல் வகுத்த நான்கு உவம வகைகள் இதற்குப் போதிய கருவியாகின்றன. பிற உயிரினங்கள் பற்றிய உவமைகளையும் இம்முறையில் ஆராய்ந்தால், பழந்தமிழரின் இயற்கை நோக்கு எங்கே கூர்மையுற்றது, எங்கே மரபுக்கு இடங்கொடுத்தது என்பதைத் தெளிவாகக் காணலாம்.