கோணியும் சுவரும்: பிராங்கோ கால ஸ்பெயினின் அருவ ஓவியத்தில் எதிர்ப்பு

அருவ ஓவியம் எதையும் சுட்டிக் கூறுவதில்லை. ஆகவே அது எதிர்ப்புக் கலையாக இயலாது என்பர். பிராங்கோவின் சர்வாதிகார ஆட்சியில் (1939–1975) ஸ்பெயினில் தோன்றிய ஓவியங்கள் இக்கருத்தை மறுஆய்வு செய்யத் தூண்டுகின்றன.

1957இல் மாட்ரிட்டில் உருவான 'எல் பாசோ' குழுவைச் சார்ந்த மனோலோ மில்யாரெஸ் (1926–1972), கோணித்துணியைக் கிழித்தும் முறுக்கியும் கயிற்றால் தைத்தும் அதன்மேல் கருப்பு, வெள்ளை, சிவப்பு வண்ணங்களைப் பூசினார். பிறந்த மண்ணான கானரித் தீவுகளின் அருங்காட்சியகத்தில் அவர் கண்ட, பொதிந்து காக்கப்பட்ட தொல்குடி உடல்கள் அவர் கலைக்கு உந்துதலாயின. எளியோர் சுமக்கும் கோணி அவர் கையில் சிதைந்த உடலாகிறது. பார்சலோனாவின் அந்தோனி தாப்பியெஸ் (1923–2012) மணலும் பளிங்குத் தூளும் குழைத்துத் தடித்த பரப்புகளை அமைத்து, அவற்றைக் கீறினார். அவருடைய குடும்பப்பெயருக்குக் காத்தலான் மொழியில் 'சுவர்கள்' என்பது பொருள். உள்நாட்டுப் போரின் (1936–1939) வடுக்களைத் தாங்கிய நகரச் சுவர்களை அப்பரப்புகள் நினைவூட்டுகின்றன.

எனினும், இவ்வோவியங்களை அரசு ஒடுக்கவில்லை. மாறாக, ஏற்றுமதி செய்தது. 1958 வெனிஸ் ஈராண்டுக் கண்காட்சியின் ஸ்பானிய அரங்கில் அவை இடம்பெற்றன. உள்நாட்டில் தணிக்கையை நடத்திய அரசு, வெளிநாட்டில் தன்னை நவீனமாகக் காட்டிக்கொள்ள அவற்றைப் பயன்படுத்திக்கொண்டது. சொல்லின்மை ஓவியரைத் தணிக்கையினின்று காத்தது. அதுவே அரசு தன் விருப்பப்படி பொருள் கற்பிக்கவும் இடந்தந்தது. இம்முரணைக் கருதாது, கரடுமுரடான மூலப்பொருளே எதிர்ப்பு எனக் கொள்ளும் திறனாய்வு குறையுடையதாகும்.

தாப்பியெஸின் பிற்காலச் செயல்பாடுகள் இதற்கு விடையாக அமைகின்றன. 1966இல் பார்சலோனாவின் கப்புச்சின் மடத்தில் மாணவரும் அறிவாளரும் கூடிய தடைசெய்யப்பட்ட கூட்டத்தில் அவரும் பங்கேற்றுக் கைதானார். 1971இல் தீட்டிய 'காத்தலானிய ஆன்மா'வில் மஞ்சள் பரப்பின்மீது காத்தலோனியக் கொடியின் நான்கு சிவப்புப் பட்டைகள் எழுந்தன. விடுதலை, மக்களாட்சி ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் காத்தலான் மொழியில் கீறப்பட்டன. கல்விக்கூடங்களிலும் அரசு அலுவலகங்களிலும் விலக்கப்பட்டிருந்த மொழி சுவரில் எழுதப்பட்டது.

ஆக, கோணியும் மணலும் துன்பத்திற்குச் சாட்சியாயின. அச்சாட்சியத்தை எவரும் திரித்துரைக்க இயலாத எதிர்ப்பாக்கியவை ஓவியர் ஏற்ற இடரும், இறுதியில் அவர் எழுதிய சொல்லுமே எனலாம்.