பல்கலைக்கழகப் பக்கங்கள்: வாழ்த்து நிறைய, வழி குறைவு



தெங்கேராவில் இருந்து பார்த்தால் பல்கலைக்கழகம் ஒன்றும் தூரமில்லை. மல்டிமீடியா பல்கலைக்கழகம் புக்கிட் பெருவாங்கில் இருக்கிறது. மலேசிய மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் டுரியான் துங்கலில் இருக்கிறது. ஆனால், தமிழில் பட்டம் பெற நினைக்கும் மாணவர் பார்க்க வேண்டியது வேறு இடங்கள்: 1956இல் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை, தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். நேரில் போய் விசாரிப்பது எல்லாருக்கும் முடியுமா? இணையத்தளமும் முகநூலும்தான் அவருக்கு முதல் வாசல்.

அந்த வாசல் எப்படி இருக்கிறது? பொதுவாக எந்த உயர்கல்விக் கூடத்தின் பக்கத்தையும் திறந்து பாருங்கள். பெருநாள் வாழ்த்து, பட்டமளிப்புப் படம், ஒப்பந்தக் கையெழுத்து, தரவரிசைப் பெருமை. மாணவர் தேடும் தகுதியும் தேதியும் எங்கேயோ உள்ளே கிடக்கும். இது நம் நாட்டுக் குறை மட்டுமில்லை. 2010இல் ராண்டல் மன்ரோ என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் இரண்டு வட்டங்கள் வரைந்தார். ஒன்றில் பல்கலைக்கழக முகப்பில் இருப்பவை. மற்றதில் மக்கள் தேடுபவை. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும்தான்!

சிரிப்பு இருக்கட்டும். நம் பிள்ளைகளுக்கு இதனால் மூன்று இடைஞ்சல்கள்.

முதலாவது, முகநூல் செய்திகளைத் தேதி வரிசையில் காட்டுவதில்லை. இறுதி நாள் முடிந்த பிறகும் அறிவிப்பு கண்ணில் படலாம்.

இரண்டாவது, எல்லா விவரமும் ஒரே சுவரொட்டிப் படத்துக்குள் அடைபட்டிருக்கும். ஆண்டு குறிக்காத படம் புலனக் குழுக்களில் சுற்றினால், அது போன வருடத்தினதா இந்த வருடத்தினதா என்று யாருக்குத் தெரியும்?

மூன்றாவதுதான் பெரியது. ‘உடனே விண்ணப்பியுங்கள்’ என்பார்கள். யார், எங்கே என்று சொல்ல மாட்டார்கள். எஸ்.பி.எம். முடித்தவர் யு.பி.யு. வழி அடிப்படைக் கல்விக்கோ டிப்ளோமாவுக்கோ விண்ணப்பிக்கலாம். பட்டப்படிப்புக்கு எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் போன்ற தகுதி வேண்டும். ஆசிரியர் கல்விக்கழகத்துக்கு விண்ணப்பம் தனி. இந்த வேறுபாடு புரியாமல் போனால் ஒரு வருடம் வீணாகும். வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு இதையெல்லாம் யார் சொல்வார்கள்?

மாறாக ஒன்றைப் பாருங்கள். 2001இல் தமிழ்நாட்டில் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம். சங்க இலக்கியம், உரை, அகராதி எனப் படிக்கிறவருக்கு வேண்டியதை இணையத்தில் வைத்தது. அதிலும் குறை இருந்தது. ஆரம்பத்தில் தனி எழுத்துரு இறக்காவிட்டால் தமிழ் தெரியாது. யூனிகோடு வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது; தமிழ்நாடு அரசு 2010இல் அதை ஏற்றது. எழுத்து எழுத்தாக இருந்தால்தான் தேட முடியும், நகலெடுக்க முடியும், பார்வையற்ற மாணவருக்குக் கணினி வாசித்துக் காட்ட முடியும். இத்தனை பாடுபட்டுப் பெற்ற வசதியை இன்று சுவரொட்டிப் படத்துக்குள் மறுபடியும் பூட்டி வைக்கிறோமே, இது நியாயமா?

உயர்கல்விக் கூடங்களிடம் நாம் கேட்பது கொஞ்சம்தான். யாருக்குத் தகுதி, எந்தத் தேதி எந்த ஆண்டு, எங்கே விண்ணப்பிப்பது, யாரைக் கேட்பது: இந்த நான்கையும் எழுத்தாக முகப்பிலேயே போடுங்கள். தமிழ் படிக்க அழைக்கும் துறைகள், பெற்றோருக்காகத் தமிழிலும் ஒரு பக்கம் வைக்கலாம்.

ஆசிரியர்களே, சுவரொட்டியைப் புலனத்தில் அனுப்பும் முன் இந்த நான்கும் இருக்கிறதா என்று பாருங்க. இல்லையென்றால் விசாரித்து, கீழே இரண்டு வரி நீங்களே எழுதிச் சேருங்க. மாணவர்களே, படத்தை நம்பி உட்கார்ந்துவிடாதீங்க. அதிகாரப்பூர்வத் தளத்தில் தேதியைச் சரிபார்த்த பிறகே விண்ணப்பியுங்கள்.